ஆங்கிலச் சொல் அறிவோம்: 'சார்ஜ்' என்னும் சுமை

ஆங்கிலம் கல்லாதவரும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றை நாள்தோறும் வழங்கியே வருகின்றனர். தோட்டத்திலே 'செக்ரோல்' என்கின்றோம்; 'ஸ்டோர்' என்கின்றோம்; 'லீவு' என்கின்றோம். இவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தொல்லை தருவன அல்ல. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. வேறு சில சொற்களோ செவிக்கு ஒன்றுபோல் ஒலித்து, இடத்திற்கு இடம் வெவ்வேறு பொருளைக் கொண்டு நிற்கும். 'சார்ஜ்' என்பது அத்தகையது.

கைப்பேசியைச் 'சார்ஜ்' செய்கின்றோம். கிளினிக்கிலே 'சார்ஜ்' எவ்வளவு என்று கேட்கின்றோம். ஒருவர் மீது போலீசார் 'சார்ஜ்' கொண்டு வந்தனர் எனச் செய்தியில் கேட்கின்றோம். இந்த டிவிசனுக்கு யார் 'இன்-சார்ஜ்' என்று வினவுகின்றோம். வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கச் சென்றாலோ, வீட்டின் மீது 'சார்ஜ்' பதிய வேண்டும் என்கின்றனர். ஐந்து இடங்கள், ஐந்து பொருள்கள். முதலிரண்டை மட்டும் அறிந்த ஒருவர், கடைசியிற் கூறியதனையும் ஏதோ ஒரு சிறு கட்டணம் என்றெண்ணிக் கையொப்பமிட்டுவிடக்கூடும். அதனால் வரும் இழப்பு சிறியதன்று. ஆகவே, இம்முறை இந்த ஒரு சொல்லை மட்டுமே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

இச்சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும். இலத்தீன் மொழியில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. வண்டியிலே பாரம் ஏற்றுதலைக் குறிக்க அதனின்று ஒரு வினைச்சொல் தோன்றிற்று. அது பழைய பிரெஞ்சு மொழியிலே உருத்திரிந்து, 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்து 'சார்ஜ்' ஆயிற்று. சாலையில் ஓடும் 'கார்', கப்பலில் ஏறும் 'கார்கோ', சுமந்து செல்லுதலைக் குறிக்கும் 'கேரி' ஆகிய சொற்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆக, 'சார்ஜ்' என்பதன் ஆதிப் பொருள் பாரம் ஏற்றுதல், சுமை என்பதாகும்.

சுமை என்றால் என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இருபுறமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து ஸ்டோருக்கு வந்து சேர்ந்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கு இச்சொல்லின் வேர் தோளிலேயே தெரியும்.

வியப்பு என்னவெனில், ஆங்கிலேயர் எந்தெந்த இடங்களில் 'சார்ஜ்' என்கின்றனரோ, அவ்விடங்கள் பலவற்றில் தமிழரும் சுமையையே நினைத்துள்ளனர். குற்றம் 'சுமத்துகிறோம்'. பொறுப்பைத் தலைமேல் 'ஏற்றுக்கொள்கிறோம்'. கடன் 'சுமை' என்கின்றோம். வரிச் 'சுமை' என்கின்றோம். மின்கலத்தைச் சார்ஜ் செய்வதற்கு நம் அறிவியல் நூல்கள் வழங்கும் சொல்லும் 'மின்னேற்றம்' என்பதே. இரு மொழிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு இவ்வாறு அமைத்ததாகத் தெரியவில்லை. மனிதன் எங்கும் பாரம் தூக்கியே வாழ்ந்தான். அவன் பேச்சும் அவ்வழியே சென்றது எனக் கொள்ளலாம். எனவே, 'சார்ஜ்' என்ற சொல்லைக் காணும்போதெல்லாம், "இங்கே எந்தச் சுமை? யார் மேல் ஏற்றப்படுகின்றது?" என்று கேட்டுப் பார்த்தல் நலம். விடை பெரும்பாலும் கிட்டிவிடும்.

முதலிற் கட்டணம். ஒரு பொருளுக்கோ சேவைக்கோ நம்மீது விதிக்கப்படும் தொகை 'சார்ஜ்' எனப்படும். அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளியாகச் செல்லும் குடிமக்கள் செலுத்தும் 1 வெள்ளி இத்தகையது. 'பிரீ ஆஃப் சார்ஜ்' என்றால் இலவசம். 'ஓவர்சார்ஜ்' என்றால் உரிய விலைக்கு மேல் வாங்குதல். இவை யாவரும் அறிந்தவை.

'சர்வீஸ் சார்ஜ்' என்பதனைப் பற்றிச் சற்றே விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏனெனில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பட்டணத்து ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் பணிபுரிகின்றனர். ரசீதின் அடியிலே இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று 'சர்வீஸ் டாக்ஸ்'. இது அரசாங்கத்திற்குச் செல்லும் வரி. மற்றொன்று 'சர்வீஸ் சார்ஜ்'. இது வரியன்று, வாடிக்கையாளர் செலுத்தும் சேவைக் கட்டணம். ஹோட்டல் துறையில் இத்தொகையைத் தொழிலாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பது சங்கக் கூட்டு ஒப்பந்தங்களின் நெடுநாள் வழக்கம். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், இந்தச் சர்வீஸ் சார்ஜையே எடுத்துச் சம்பளத்தின் குறையை நிரப்பலாமா என்ற வழக்கு எழுந்தது. அவ்வாறு செய்யலாகாது என 2021ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லுக்கு என்ன பொருள், அந்தப் பணம் யாருடையது என்பதன் மீது நூற்றுக்கணக்கான தொழிலாளரின் மாதச் சம்பளம் தொங்கி நின்றது.

நமது சம்பளச் சீட்டிலும் 'சார்ஜ்' என்ற தலைப்பிலே பிடித்தம் வரக்கூடும். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, முதலாளி எவற்றையெல்லாம் பிடிக்கலாம் என்பதனை வரையறுத்துள்ளது. தவறுதலாகக் கூடுதலாய்க் கொடுத்துவிட்ட சம்பளம், வட்டியின்றிக் கொடுத்த முன்பணம், சட்டம் ஆணையிடும் சேமநிதி, சொக்சோ சந்தா போன்றவற்றைத் தொழிலாளரைக் கேளாமலே பிடிக்கலாம். வேறு பலவற்றுக்குத் தொழிலாளர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். சிலவற்றுக்குத் தொழிலாளர் இலாகாவின் அனுமதியும் தேவை. மொத்தப் பிடித்தம் அம்மாதச் சம்பளத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது பொது விதி; சில விலக்குகள் உண்டு. ஆகவே, விளங்காத சார்ஜ் ஒன்று சீட்டிலே தென்பட்டால், கிராணியிடம் சென்று அஃது எதற்கானது என்று கேட்பதிலே கூச்சம் வேண்டாம். கேட்பது வாதாடுவது ஆகாது.

மலாய் மொழியார் இச்சொல்லின் குழப்பத்தை அழகாகத் தீர்த்துள்ளனர் என்பதனையும் இவ்விடத்திற் சொல்ல வேண்டும். கட்டணம் எனில் 'சாஜ்' என்றும், மின்னேற்றம் எனில் 'சாஸ்' என்றும் எழுத்திலேயே பிரித்துவிட்டனர். குற்றச்சாட்டுக்குத் 'துடுஹான்' எனவும், நிலத்தின் மீதான சார்ஜுக்குக் 'காடாயான்' எனவும் முற்றிலும் வேறு சொற்களை வழங்குகின்றனர். ஆகவே கையிலுள்ள பத்திரம் இரு மொழிகளில் இருப்பின், ஆங்கிலம் மயக்குமிடத்திலே மலாய்ச் சொல்லைப் பார்ப்பது நல்ல வழி. 'காடாய்' என்ற சொல் அடகுக்கடைப் பலகையிலே நாம் காணும் அதே சொல் என்பதனை நினைவிற் கொள்க. பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

அடுத்துப் பொறுப்பு. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பேற்றிருத்தல். 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றால் ஒருவருடைய பொறுப்பில் விடப்பட்டிருத்தல். நடுவிலே 'த' என்ற ஓரெழுத்துச் சொல் நுழைந்ததும் பொருள் தலைகீழாகின்றது. ஆயாக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். ஆயா, குழந்தைகளுக்கு 'இன் சார்ஜ்'. குழந்தைகளோ ஆயாவின் 'இன் த சார்ஜ்'. பள்ளிப் பிள்ளைகள் தேர்விலே தவறவிடும் இடங்களுள் இதுவும் ஒன்று. பெற்றோர் இவ்வுதாரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறவார்.

தொழிற்சாலைகளில் 'சார்ஜ்மேன்' என்றொரு பணி உண்டு. மின்சாரத்தோடு பழகுபவராதலின், மின்சாரச் சார்ஜினால் இப்பெயர் வந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. பொறுப்பில் இருப்பவர் என்ற பொருளிலேயே சார்ஜ்மேன் என்றனர். மலாயில் 'பெஞ்ஜாக ஜெந்தெரா எலெக்த்ரிக்', அதாவது மின் இயந்திரக் காவலர் என வழங்குவதே இதற்குச் சான்று. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவரே இப்பணியில் அமரலாம். ஐந்தாம் படிவம் முடித்துக் கைத்தொழில் நாடும் இளைஞர்கள் விசாரித்துப் பார்க்கத்தக்க துறை இது.

இனிக் குற்றச்சாட்டு. இங்கே விலையும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒருவருடைய பெயரும் பிழைப்பும் இருக்கின்றன. 'சார்ஜ் ஃபார்' என்று வந்தால் கட்டணம். 'சார்ஜ் வித்' என்று வந்தால் குற்றம் சுமத்துதல். பக்கத்திலே நிற்கும் சிறு சொல்லைக் கவனித்தல் வேண்டும்.

தோட்டத்தில் ஒரு தொழிலாளர் பாலிலே தண்ணீர் கலந்தார் என்று நிர்வாகம் ஐயுறுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் வருவது பெரும்பாலும் 'சூராட் துஞ்சுக் செபாப்', அதாவது காரணங்கேட்கும் கடிதம். இது குற்றச்சாட்டு அன்று, விளக்கம் கேட்பது. உரிய நாளுக்குள் பதில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பயந்து பேசாமல் இருந்துவிடுவோரும் உண்டு. அது தமக்கே தீங்காய் முடியும். விளக்கம் ஏற்கப்படாவிடில், அடுத்து வருவதே சார்ஜ். எந்த நாளில், எந்த இடத்தில், என்ன செய்தார் என அது தெளிவாகக் கூறுதல் முறை. இன்னதென்று தெரியாத குற்றத்துக்கு எவ்வாறு பதிலிறுப்பது? ஒழுங்கீனத்துக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதற்குமுன் முறையான விசாரணை நடத்துதல் வேண்டும் என்பது வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்திவைப்பதாயின் அஃது இரண்டு வாரங்களுக்கு மேற்படலாகாது. அக்காலத்துக்கு அரைச் சம்பளத்திற்குக் குறையாமல் கொடுத்தல் வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்படாவிடில் எஞ்சிய பாதியையும் கொடுத்துவிட வேண்டும். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடலாம். இந்த அறுபது நாள் கணக்கை எண்ணத் தவறி வாய்ப்பை இழப்போர் உளர். கடிதம் கைக்கு வந்த அன்றே அதனைச் சங்கத்தின் தோட்டக் கமிட்டியாரிடம் காட்டுதல் நன்று.

நீதிமன்றத்திலோ, குற்றச்சாட்டினை வாசித்து, குற்றம் சாட்டப்பட்டவருக்கு விளங்கும்படி எடுத்துரைத்தல் வேண்டும் எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதிக்கின்றது. மலாயில் வாசிப்பது விளங்கவில்லையெனில், விளங்கவில்லை என்று கூறி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். விளங்காமல் தலையை ஆட்டுவது பணிவு ஆகாது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக முடிந்துவிடக் கூடும்.

'சார்ஜ்' உள்ள இடத்திலே 'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லும் வரும். சுமையை இறக்குதல் என்பது அதன் பொருள். ஆயினும் இறக்கிய சுமை மீண்டும் ஏறாது என்பதற்கு உறுதியில்லை! நம் நாட்டு நீதிமன்றச் செய்திகளில் இருவகைத் தீர்ப்புகளைக் காணலாம். 'டிலெபாஸ் டான் டிபெபாஸ்கான்' என்றால் குற்றச்சாட்டினின்று விடுவிக்கப்பட்டு, முழு விடுதலையும் பெற்றார் என்பது. 'டிலெபாஸ் தன்பா டிபெபாஸ்கான்' என்றால் அப்போதைக்கு விடுவிக்கப்பட்டார். ஆனால் விடுதலை பெறவில்லை. அதே குற்றத்துக்கு மறுபடியும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படலாம் என்பது. ஆங்கிலத்திலே இரண்டிலும் 'டிஸ்சார்ஜ்' உண்டு. "விடுதலையாகிவிட்டான்" என்று குடும்பத்தார் மகிழ்வதற்குமுன் எந்த வகை என்று வழக்கறிஞரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவமனையில் 'டிஸ்சார்ஜ்' என்றால் வீட்டுக்கு அனுப்புதல். புண்ணிலே 'டிஸ்சார்ஜ்' எனில் சீழ் வடிதல். 'ஏ.ஓ.ஆர். டிஸ்சார்ஜ்' என்று ஒரு தாளை நீட்டினால் மட்டும் நிதானிக்க வேண்டும். மருத்துவர் தங்கச் சொல்லியும், நாமாகவே நம் பொறுப்பிலே வெளியேறுகிறோம் என்பதற்கு அது கையெழுத்து. இன்னும் ஒரு பொருள்: காட்டோரத் தோட்டங்களில் யானை 'சார்ஜ்' செய்தது என்றால் பாய்ந்து வந்தது என்பது. தமிழ்நாட்டுப் பேச்சிலே போலீசாரின் தடியடியை 'லத்தி சார்ஜ்' என்பதும் இவ்வகை. இதற்கு மேல் இதில் விளக்கம் தேவையில்லை, ஓட வேண்டியதுதான்.

இறுதியாக, நிலத்தின் மீதுள்ள சார்ஜ். நாம் முதலிலே எச்சரித்தது இதனையே.

தோட்டத்து வீட்டை விட்டுச் சொந்த வீடு தேடுவோர்க்கு வங்கிக் கடனின்றி வழியில்லை. தனிப் பட்டா உள்ள வீட்டுக்குக் கடன் தரும் வங்கி, 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி அந்த நிலத்தின் மீது ஒரு சார்ஜைப் பதிவு செய்கின்றது. இதற்குரிய பாரம் 16ஏ எனப்படும், மலாயில் 'காடாயான்'. அடகுக்கடையில் நகையை வைத்தால் நகை கடைக்காரர் கையில் இருக்கும். இங்கே வீட்டில் நாமே குடியிருப்போம். பெயரும் நம் பெயராகவே இருக்கும். எனினும் கடன் என்னும் சுமை நம் தோளின்மீது மட்டுமல்லாமல், நிலத்தின் மீதும் ஏற்றப்பட்டுவிட்டது. தவணை தவறி, அத்தவறு ஒரு மாதத்துக்குமேல் நீடித்தால், வங்கி பாரம் 16டி என்னும் அறிவிப்பை அனுப்பலாம். அதன் பின்னும் தீர்க்காவிடில் ஏலத்துக்கு ஆணை கேட்கும். பட்டாவின் வகைக்கேற்ப உயர்நீதிமன்றத்திலோ நில அலுவலகத்திலோ அவ்விசாரணை நடைபெறும். ஏலம் முடிவதற்குமுன் எப்போது பணத்தைச் செலுத்தினாலும் நிலத்தை மீட்கலாம் என்பதனைப் பலர் அறியார். அறிவிப்புக் கடிதங்களைப் பிரியாமலே அலமாரியில் வைத்துவிடுவதால் இக்காலமும் வீணாகின்றது.

தன் கடனுக்குத் தன் வீட்டைச் சார்ஜ் வைப்பவர் ஓரளவு தெரிந்தே வைக்கின்றார். 'தர்ட் பார்ட்டி சார்ஜ்' என்பதோ வேறு. மருமகன் லாரி வாங்கி வியாபாரம் செய்யக் கடன் கேட்கின்றார். வங்கி பிணை கேட்கின்றது. மாமனாரிடம் சேமநிதிப் பணத்தில் வாங்கிய வீடு ஒன்று இருக்கின்றது எனக் கொள்வோம். "மாமா, சார்ஜ் பாரத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று மருமகன் கேட்கின்றார். வழக்கறிஞர் கட்டணம் போலும் என்று மாமனார் நினைக்கின்றார். கையெழுத்து விழுகின்றது. வியாபாரம் நொடித்தால், ஒரு காசும் கடன் வாங்காத அந்த முதியவருடைய வீடு ஏலத்துக்கு வரும். மருமகன் தீயவர் அல்லர். அவரும் அச்சொல்லைச் சரிவர அறிந்திருக்கமாட்டார். கடன் பத்திரம் தயாரிக்கும் வழக்கறிஞர் பெரும்பாலும் வங்கியின் சார்பிலேயே இருப்பவர் என்பதனையும் இவ்விடத்தில் உணர்தல் வேண்டும். ஐயமிருப்பின் வேறொரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டிக் கேட்டபின் கையொப்பமிடலாம். ஒரு நாள் தாமதத்தால் ஒன்றும் குடிமுழுகாது.

பத்திரத்தில் 'சார்ஜர்' என்றும் 'சார்ஜீ' என்றும் இரு பெயர்கள் இருக்கும். கைப்பேசிக்கு மின்னேற்றும் சார்ஜரோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒலி ஒன்றே, எழுத்து வேறு. நிலத்தைப் பிணையாகக் கொடுப்பவர் சார்ஜர்; மலாயில் 'பெங்காடாய்'. பெற்றுக்கொள்ளும் வங்கி சார்ஜீ. உங்கள் பெயர் இவற்றுள் எதன்கீழ் உள்ளது என்று பார்த்தாலே, சுமை யார்மீது என்பது விளங்கிவிடும். பழைய வீடோ நிலமோ வாங்குவோர், நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி 'சாரியான் பெர்செண்டிரியான்' எனும் தேடலைச் செய்து, முன்னைய சார்ஜ் ஏதும் இருக்கின்றதா என்று முன்கூட்டியே அறியலாம்.

கடன் முழுதும் தீர்ந்தபின் ஒரு வேலை எஞ்சியிருக்கின்றது. கடைசித் தவணையைக் கட்டிய ரசீதினால் மட்டும் பட்டாவில் உள்ள சார்ஜ் நீங்குவதில்லை. பாரம் 16என் என்னும் சார்ஜ் நீக்கப் பத்திரத்தில் வங்கி கையொப்பமிட்டு, அது நில அலுவலகத்தில் பதிவு செய்யப்படல் வேண்டும். இதனைச் செய்யாது விட்டால், தந்தையார் கட்டி முடித்த கடன், பிள்ளைகள் வீட்டைப் பெயர்மாற்றச் செல்லும் நாளிலும் பட்டாவிலே அப்படியே நிற்கும். ஆகவே தவணை முடிந்ததும் வங்கிக்கு எழுதி, சார்ஜ் நீக்கப் பதிவைச் செய்வித்து, அசல் பட்டாவைக் கையிலே பெற்றுக்கொள்ளுங்கள்.